ராஜ்மோகன் பிரிக்காத உறை

எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை ராஜ்மோகன். புது வலை வாங்கினால் முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்ப்பார். கடலுக்குப் போகுமுன் இன்ஜினில் சின்னச் சத்தம் கேட்டாலும் காரைக்கால்மேட்டுக் கரையிலேயே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர், வாய்க்குள் கன்னத்தில் வந்த புண்ணின் சோதனை முடிவை வாங்கிவந்து, ஒன்றரை மாதம் உறையைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த இடத்தில் அதைப் பார்த்தாள் தங்கை எழில்மதி. தருமபுரத்தில் குடியிருப்பவள், மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை.

"பிரிச்சாத்தான் மதி அது கேன்சரு. பிரிக்கிற வரைக்கும் உண்டுமில்ல, இல்லையுமில்ல."

"யாருண்ணே சொன்னா?"

"திருநள்ளாத்துல லாட்ஜ் ஹால்ல கிளாஸ் எடுத்தாங்க. குவாண்டமாம். நாம பாக்குறதாலதான் எல்லாமே உண்டாவுதாம். நீயுந்தான் ஆண்டு விழாவுல பேசுன, பாத்தா மாறிடும்னு. நான் கை தட்டுனேனே!"

எழில்மதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பேசியது உண்மைதான். விளக்கம் சொன்னால் கூட்டம் எழுந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்த பேச்சு.

"அது எலக்ட்ரான்ணே. அதைத் தேட வெளிச்சம் போட்டா, வெளிச்சம் பட்டே அது நகந்துடும். படுறதுதான் மாத்துது, மனசு இல்ல. ஆளே இல்லாம மெஷின் அளந்தாலும் அப்படித்தான். போட்ல மீன் காட்டுற மெஷின் இருக்குல்ல? நீ திரையைப் பாக்கலன்னா கீழ மீன் இல்லன்னு ஆயிடுமா?"

"அதெப்படி ஆவும்?"

"அப்புறம்? உன் சதையை வெட்டி எடுத்து, பாத்து, டாக்டரு கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே பாக்க என்னண்ணே மிச்சம்?"

"நான் பாக்கலல்ல," என்று சிரித்தார். புண் இழுத்துப் பிடித்ததில் வாய் பாதிதான் திறந்தது.

அதைக் கண்டபின் அவள் வாதாடவில்லை. உறையை எடுத்துக் கிழித்தாள். அடுக்களையிலிருந்து அண்ணி செல்லம் ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் படித்தும் முடித்துவிட்டாள்.

அறுவை சிகிச்சை, கதிர் வைத்தியம் எல்லாம் நடந்தன. "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஐப்பசியில் ராஜ்மோகன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாளியோடு நின்ற எழில்மதியின் காதில் விழும்படியே செல்லம் சொன்னார்:

"நடமாடிக்கிட்டுத்தான் இருந்தாரு மனுசன். இவ கிழிச்ச அன்னையிலேருந்து படுத்தவருதான்."

இலைக்கு முன்னால் இருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் அவள் பள்ளியிலேயே வேதியியல் நடத்துகிறவர்.

"அண்ணி, அந்தத் தாள்ல தேதி போட்டிருக்கு. நான் கிழிக்கிறதுக்கு எத்தனையோ நாள் முந்தி. படிச்சுப் பாருங்க."

"தேதி கெடக்குது போ. வேதியியல் சாருக்கு எலை காயுது பாரு, சாம்பார ஊத்து."

ஊற்றினாள்.