நான் வீழ்த்திய விமானம்

பிரிட்டிஷ்காரர்களின் போர் விமானம் ஒன்றை வீழ்த்திய பெருமை எனக்கு உண்டு. துப்பாக்கியும் இல்லை, பீரங்கியும் இல்லை. கையில் இருந்தது ஒரு சின்னத் தூரிகை. விமானமும் ஒன்றரைச் சாண் நீளம்தான். சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடைக்கு மேலே, பலகையால் தடுத்த அறையொன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதன் இடது இறக்கை எண்ணெயில் விழுந்த அப்பளம் போல என் கண்ணெதிரே பொரிந்து சுருங்கியது. இன்றும் எங்காவது தின்னர் வாசம் அடித்தால் என் வலது கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

அந்த அறை அக்காவும் அத்தானும் குடியிருந்த அறை. தாய் தகப்பன் இல்லாத நான் மாடிப்படி முடியும் இடத்தில் பாய் விரித்து, வருகிறவர் போகிறவர் எல்லோருடைய செருப்பையும் முகர்ந்துகொண்டு படுத்திருந்தேன். அத்தான் தீவின் வடக்கே இருந்த பிரிட்டிஷ் விமானத் தளத்தில் பெயிண்டர். ஆறு வருடமாகத் தினக்கூலி. என்னையும் அதே தளத்தில் பண்டகசாலைக் கிராணியாகச் சேர்த்துவிட்டவர் அவர்தான். கிராணி என்றால் எங்கள் ஊரில் குமாஸ்தா. அத்தானுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வாய் மூடாது. அதனால் துரைக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் இடையில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். துரை ஒரு வரி சொன்னால் மூன்று வரியாக்கித் தருவேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனால், “துரைக்கு உச்சி குளிர்ந்து போச்சாம், நாளைக்கு எல்லாருக்கும் பிரியாணியாம்” என்பேன். மறுநாள் பிரியாணி வராது. யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்க எல்லோரும் பழகியிருந்தார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. இந்தோனீசியாவோடு முறைப்பு முற்றியிருந்த நேரம். அதுவரை வெள்ளியாகப் பளபளத்த விமானங்கள் ஒவ்வொன்றாக அத்தானின் கொட்டகைக்கு வந்து பச்சையும் சாம்பலுமாகத் திரும்பிப் போயின. காடும் நிழலும் கலந்த மாதிரி இருக்க வேண்டும், மேலேயிருந்து பார்ப்பவனுக்கு விமானம் நிற்பதே தெரியக்கூடாது. அத்தான் வரைபடத்தைப் பார்த்து இறக்கை மேல் சாக்குக்கட்டியால் வளைந்து வளைந்து கோடு போடுவதை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். கோலம் போடுகிறவளுக்கு இருக்கிற நிதானம் அந்தக் கையில் இருக்கும்.

அந்த வருடம் பெரிய துரை இங்கிலாந்து திரும்ப இருந்தார். போவதற்கு முன் நிரந்தரமாக்க வேண்டியவர்களின் பட்டியலில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். நிரந்தரமானால் தளத்துக்குள்ளேயே வீடு கிடைக்கும்: இரண்டு அறை, சொந்தக் குழாய், சொந்தக் கக்கூஸ். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். கீழேயிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து முப்பத்திரண்டு படி ஏறுவாள். நடுவில் ஒரு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். பரிசீலனையில் அத்தான் பெயரும் இருந்தது, என் பெயரும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் அந்தத் துரையின் மகன் இங்கிலாந்திலிருந்து ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் விமானம். அப்பா ஓட்டிய அதே விமானம், அதே வண்ணத்தில் வேண்டுமாம். துரை ஒட்டி முடித்துவிட்டார். வண்ணம் பூச ஆள் தேடினார். “சார், நிஜ விமானத்துக்கே அடிக்கிறவர் என் அத்தான். இது அவருக்குச் சுண்டைக்காய்” என்று நான் சொன்னேன். அத்தானைக் கேட்காமலே சொன்னேன்.

ஞாயிறு காலை முழுவதும் அத்தான் அந்த விமானத்தோடு உட்கார்ந்திருந்தார். கடைப் பலகை எழுதுகிற எனாமல் பெயிண்டில் பச்சை கலந்தார். கலந்ததை வலது இறக்கையில் பூசி, படிக்கட்டு வரை பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு துளி வெள்ளை சேர்த்தார்.

“என்ன அத்தான், நிஜ விமானம் இன்னும் கறுப்பால்ல இருக்கு?”

“அதைப் பக்கத்துல நின்னு பாத்தா அப்படி. இத்தனூண்டா தெரியணும்னா எவ்வளவு தூரத்துல நிக்கணும்? நடுவுல அவ்வளவு காத்து இருக்கு லா. அந்தக் காத்தையும் சேத்துத்தான் அடிக்கணும்.”

இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்ன மனிதரிடம்தான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். நிஜ விமானத்துக்கு அடிக்கிற பெயிண்டையே பண்டகசாலையிலிருந்து ஒரு சின்னப் புட்டியில், யாரிடமும் சொல்லாமல், எடுத்து வந்திருந்தேன். அத்தான் முகர்ந்து பார்த்து மூடி வைத்தார்.

“இது தகரத்துக்கு அடிக்கிறது. பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்குமா தெரியல. நான் கோப்பி வாங்கிட்டு வந்து, பெட்டியில மிஞ்சின பிளாஸ்டிக் கம்பியில தடவிப் பாக்குறேன். நீ தொடாத.”

அவர் கீழே போனார். அக்கா தண்ணீருக்குப் போயிருந்தாள். அசல் விமானத்துக்கு ஒத்துக்கொள்கிற பெயிண்ட் பொம்மைக்கு ஒத்துக்கொள்ளாதா என்று நினைத்தேன். பண்டகசாலைக் கிராணிக்குத் தெரியாத பெயிண்டா என்றும் நினைத்தேன். இடது இறக்கையில் தாராளமாக ஒரு பூச்சுப் பூசினேன். முதலில் அழகாக மின்னியது. பிறகு பாலாடை மாதிரி சுருக்கம் விழுந்தது. பதறித் துணியால் துடைத்தேன். பெயிண்டோடு இறக்கையின் மேல்தோலும் வந்தது. நுனி மெல்லக் கீழே தொங்கியது.

அத்தான் கோப்பியோடு வந்து பார்த்தார். கோப்பியை என் பக்கம் வைத்துவிட்டு, ஈரத்துணி போட்டு நுனியைத் தாங்கிப் பிடித்தார். காய்ந்ததும் பள்ளங்களில் மக்குப் பசை அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, மாலைவரை போராடினார். அக்கா வந்து பார்த்து வாளியை அப்படியே வைத்துவிட்டாள்.

“ஐயோ! யாரு பண்ணது?”

“என் கைதான்” என்றார் அத்தான்.

“ஆறு வருஷமா அடிக்கிறீங்க, இன்னிக்குத்தானா கை நடுங்கணும்?” என்று அவள் அழுதாள். நான் ஆறிய கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பச்சையின் எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்த வடு கண்ணுக்கே படாது என்று நான் யோசனை சொன்னேன். மறைப்பதற்குத்தானே இந்தப் பெயிண்டே! அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பையனுக்கு அப்பாவின் விமானம் அப்படியே வேண்டும் என்றார். கோடு எங்கே போக வேண்டுமோ அங்கேயே போனது, வடுவின் மேலேயே.

மறுநாள் துரை விமானத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். வலது பக்கம் பார்த்தபோது முகம் மலர்ந்தது. இடது பக்கம் வந்ததும் விரல் நின்றது. இந்த இறக்கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் தமிழில் சொல்வதற்கு முன்பே அத்தானுக்குப் புரிந்துவிட்டது.

“தப்பான பெயிண்டை நான் தெரியாம அடிச்சிட்டேன்னு சொல்லு” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “சொல்லு” என்றார் மறுபடியும்.

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சுத்தமான மொழிபெயர்ப்பு அதுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். “ஏன் அத்தான்?”

“நீ ஸ்டோருலேர்ந்து எடுத்ததுன்னு தெரிஞ்சா உன்னைத் திருடன்னு விரட்டுவான். உன்கூடச் சேந்தவன்னு என்னையும் விரட்டுவான். இப்ப ஒரு பேராவது மிஞ்சும். உங்கக்காவுக்கு ஒரு வீடு போதும்டா, ரெண்டு எதுக்கு?” கொஞ்ச தூரம் போனதும், “அவகிட்ட உளறிடாத. உன்னைக் கொன்னுடுவா. அப்புறம் வீட்டை யாரு பேருல எடுக்குறது?” என்றார். அத்தான் சொல்லி நான் கேட்ட ஒரே நகைச்சுவை. எனக்குச் சிரிக்க வரவில்லை.

பட்டியலில் என் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. வீட்டுக்கான விண்ணப்பப் பாரத்தில், என்னைச் சார்ந்து வாழ்பவர்கள் என்ற இடத்தில் அக்கா பெயரை எழுதினேன்; அதற்குக் கீழே, எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனிதரின் பெயரை எழுதினேன். அக்கா மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். அத்தானை நிரந்தரமாக்க இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளி மாதிரி நுழைவார். விளையாட்டுக்கா, நிஜமாகவா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அவர் போய்ப் பல வருடமாகிறது. சென்ற மாதம் ஆங் மோ கியோவில் அக்கா வீட்டில் அவருக்குத் திதி. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்ததும் அக்கா வழக்கமான கதையை எடுத்தாள். “உங்க தாத்தா நல்ல மனுஷன்தான். ஆனா அன்னிக்கு அவரு கையால அவரே கெடுத்துக்கிட்டாரு. எந்தம்பி மட்டும் இல்லேன்னா உங்கம்மா அந்த மாடிப்படியிலதான் பொறந்திருப்பா.” பேரப்பிள்ளைகள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். ஐம்பது வருடமாக இந்த இடத்தில் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து தப்பித்துவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை.

“அக்கா, அந்த இறக்கையை உருக்கினது நான்தான். பெயிண்டைத் திருடினதும் நான்தான். அது அத்தான் வாங்கின வீடு” என்றேன்.

பந்தி முழுவதும் சிரிப்பு. “மாமா தாத்தா ஆரம்பிச்சிட்டாரு லா!” என்றான் பேரன் ஒருவன். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“பாத்தீங்களா, போன மனுஷனுக்காக எப்படிப் பழியைத் தன் மேல போட்டுக்கிறான்! அதுக்கெல்லாம் மனசு வேணும்” என்று சொல்லி என் இலையில் இன்னொரு வடையை வைத்தாள்.

அதையும் தின்றேன்.