மூன்று புகாருக்குப் பிறகு வந்த ஜீப்

காலை ஏழரை மணிக்கு உக்கடத்தில் வேலந்தாவளம் பஸ் ஏறினேன். முந்தின நாள் இரவு தங்கை கலாமணி போனில் அழுதிருந்தாள். "அண்ணா, இவரை ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீ வந்தாத்தான் எனக்குத் தெம்பு. உனக்குப் பேசத் தெரியும்." எனக்கு லேத் பட்டறையில் பேசத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

கோவையைத் தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஜன்னல் வழியே மண்ணை வாரி அடித்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம்தான். வேலந்தாவளத்தில் இறங்கினால் கேரளம். கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. காய்கறிச் சந்தையில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர்கள் பொள்ளாச்சிக்காரர்கள் போலவேதான் ஏசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து எருத்தேன்பதிக்கு ஆட்டோ, இருநூறு ரூபாய்.

"யாரு ஊட்டுக்குங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"துரைசாமி வீட்டுக்கு. என் தங்கச்சி மாப்பிள்ளை."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். இரண்டு பக்கமும் தென்னை, இடையிடையே நிலக்கடலை, வானத்தைப் பார்த்து நிற்கும் பனைகள். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரமான இந்த நிலத்துக்கு ஆழ்குழாய்க் கிணறுதான் உயிர். அந்தக் கிணற்றை வைத்துத்தான் எல்லாம் நடந்திருந்தது.

தங்கை வீட்டில் காபி குடிக்கும்போது மாப்பிள்ளை சொன்னார். இந்தக் கோடையில் மூன்று தோட்டங்களில் மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக்காக. ஒவ்வொரு முறையும் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். 'பராதி' என்பதுதான் அங்கே புகாருக்கு வார்த்தை. ஒவ்வொரு முறையும் "வந்து பார்க்கிறோம்" என்றார்கள். யாரும் வரவில்லை. அதனால் தோட்டக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருந்தார்கள். நான்கு நாள் முன்பு, விடியும் நேரத்தில், வேலுச்சாமி என்பவரின் கிணற்றடியில் ஓர் ஆள் குனிந்து நின்றிருந்தான். பிடித்து அடித்தார்கள். அவன் கை ஒடிந்தது.

"திருடன்தானா?" என்றேன்.

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். "இல்லீங்க மச்சான். தேங்காய் வெட்ட ஒடையகுளத்துப் பக்கமிருந்து வந்த ஆளுங்க. மூஞ்சி கழுவ வந்திருக்கான்."

அன்றைக்குத்தான் ஜீப் வந்தது. மூன்று புகாருக்கு வராத ஜீப்.

பத்து மணிக்கு டீக்கடை முன்னால், ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்த மற்ற ஐந்து பேரும் கூடியிருந்தார்கள். வேலுச்சாமிதான் பேசினார். வெள்ளை வேட்டி, கட்டையான குரல். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்லோணும். இருட்டு, கூட்டம், யாரு அடிச்சாங்கன்னு தெரியலைங்க. அவ்வளவுதான். கூப்பிட்டப்போ வராத போலீசுக்கு நாம எதுக்குப் பயப்படோணும்?"

மற்றவர்கள் தலையசைத்தார்கள். மாப்பிள்ளை அசைக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து போகும்போது கேட்டேன். "நீங்க அடிச்சீங்களா?"

காற்றில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது. "ரெண்டு. தென்னமட்டையில."

ஸ்டேஷன் வராந்தாவில் நீல நிற பெஞ்சு. அதன் ஓரத்தில் ஒரு பெண் மடியில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். காத்திருக்கச் சொன்னதால் நாங்களும் உட்கார்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் வெளியே போய் டீ வாங்கி வந்தபோது அந்தப் பெண்ணுக்கும் ஒன்று நீட்டினேன்.

"யாரைப் பாக்க வந்தீங்கம்மா?"

"ஊட்டுக்காரருக்குக் கை ஒடிஞ்சிருச்சுங்க. சித்தூர் ஆசுபத்திரியில இருக்காரு. எங்கிட்ட ஏதோ கேக்கோணும்னாங்க." அவர் டீயை ஊதினார். "மூஞ்சி கழுவத்தானுங்க போனாரு. எப்பவும் மூஞ்சி கழுவீட்டுத்தான் வேலைக்குப் போவாரு. அது ஒரு பழக்கமுங்க."

அவருக்கு நாங்கள் யாரென்று தெரியாது. பக்கத்தில் மாப்பிள்ளை டீயைக் குடிக்காமலே வைத்திருந்தார். வேலுச்சாமி எழுந்து வராந்தாவின் மறுமுனைக்குப் போய் நின்றுகொண்டார்.

பன்னிரண்டு மணி தாண்டிய பிறகு எஸ்.ஐ. கூப்பிட்டார். ஐம்பதை நெருங்கும் மனிதர், கண்ணுக்குக் கீழே வீக்கம். "இரிக்கூ," என்றார். என்னையும் சேர்த்து ஏழு பேருக்கு இரண்டு நாற்காலிதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை. எல்லை ஸ்டேஷனில் நெடுநாள் இருந்ததில் வந்த, மலையாளம் கலந்த தமிழில் அவர் பேசினார்.

"நிங்க மூணு பராதி தந்தது எனக்குத் தெரியும். ஞான் வரலை. திருவிழா, தேர்தல், விபத்து, எல்லாத்துக்கும் இங்கே இருக்கிறது இத்தனை ஆள்தான். அது என் தப்பு, வேணும்னா மேலே எழுதிக் கொடுங்க. ஆனா அந்த ஆளோட கைக்கு யார் பதில் சொல்றது?"

"இருட்டுங்க சார்," என்றார் வேலுச்சாமி. "யாரு அடிச்சாங்கன்னு தெரியலைங்க."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். எஸ்.ஐ. கோபப்படவில்லை. இந்தப் பதிலை அவர் பலமுறை கேட்டிருக்க வேண்டும். திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பெண்ணின் புடவைத் தலைப்பு தெரிந்தது. நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும் தூரம்தான். மாப்பிள்ளையின் முறை வந்தது. பேசுவதற்காக அழைக்கப்பட்ட நான் அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் அடிச்சேனுங்க," என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு அடி. கை ஒடிஞ்சது என் அடியிலயான்னு தெரியாதுங்க. மத்தவிங்களைப் பத்தி நான் பேசலீங்க."

வெளியே அந்தப் பெண் எழுந்து கதவருகே வந்து அவரைப் பார்த்தார். திட்டவில்லை. "அவரு கத்தலையாங்க?" என்று மட்டும் கேட்டார். "தண்ணிக்கு வந்தேன்னு சொல்லலையாங்க?"

"சொன்னாருங்க," என்றார் மாப்பிள்ளை. "நாங்க கேக்கலைங்க."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

மற்ற ஐவரையும் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் மேல் வழக்குப் பதிந்தார்கள். ஜாமீனில் விட உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் வேண்டும் என்றார் எஸ்.ஐ. நான் தமிழ்நாடு, என் கையெழுத்து ஆகாது. வேலுச்சாமியின் வண்டி கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. கலாமணி ஆட்டோவில் வந்தாள். அவள் ஒருத்தி. இரண்டாவது ஆளுக்காக அவள் வழியில் நான்கு வீட்டில் கேட்டிருக்கிறாள். கடைசியில் மாலை நான்கு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து சரஸ்வதியக்கா வந்து சேர்ந்தார். வரும்போதே திட்டினார். "ஏனுங்க துரைசாமி, மட்டையை எடுக்கறதுக்கு முன்னால ரோசனை வந்திருக்கப்படாதா?" திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஐந்தரை மணிக்கு மாப்பிள்ளை என்னை வேலந்தாவளத்தில் கொண்டுவந்து விட்டார். பஸ் புறப்படக் கால்மணி நேரம் இருந்தது. இருவரும் புளிய மரத்தடியில் நின்றோம். எனக்கு உடம்பெல்லாம் அசதி. ஒரு வேலையும் செய்யாமல் வரும் அசதி. எங்கள் சிங்காநல்லூர் தெருவை நினைத்தேன். அங்கே முனையிலேயே ஸ்டேஷன், தெருவெல்லாம் கேமரா. போலீஸ் வருமா வராதா என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அதனாலேயே எங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விடியலில் எங்கள் குழாயடியில் முகம் தெரியாத ஒருவன் குனிந்து நின்றால் நான் முதலில் என்ன கேட்பேன்?

"இனி காவலுக்கு என்னையக் கூப்பிட மாட்டாங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

"நல்லதுதானே."

"நல்லதுதான்." அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்பட மோட்டாரு இன்னைக்கு ராத்திரியும் அங்கதானுங்க இருக்கும்."

கண்டக்டர் விசில் ஊதினார். ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் ஸ்கூட்டரை எருத்தேன்பதிப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.