தேசம்மா காத்த லெவல் மார்க்

எங்கள் ஸ்டேஷனுக்கு ஆண்டுவிழா மலர் போடுகிறார்களாம். இந்த இடம் எப்படி ஊரானது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். போடமாட்டார்கள், தெரியும்.

தரமணிப் பக்கம் புது ரயில் பாதை வேலைக்கு நான் சர்வேயராகப் போன முதல் நாள் அங்கே இருந்தது சேறும் முள்ளும்தான். பறக்கும் பாதைக்கான கான்கிரீட் கர்டர் வார்க்கிற காஸ்டிங் யார்டைத்தான் முதலில் போட்டோம். டீ குடிக்கக்கூட வெகுதூரம் நடக்கவேண்டும். தேசம்மா என்பவர் சைதாப்பேட்டையிலிருந்து தள்ளுவண்டியில் இட்லி கொண்டுவந்தார். தினமும் ஏன் அலைகிறீர்கள், இங்கேயே கொட்டாய் போட்டுத் தங்கிவிடுங்கள் என்று நான்தான் இடம் காட்டினேன். அது ரயில்வே இடம். காட்ட எனக்கு அதிகாரமே கிடையாது.

அவர் வாசலில் அசையாத கருங்கல் ஒன்று இருந்தது. அதில் சிவப்பு பெயிண்டில் அம்புக்குறி போட்டு ‘டிபிஎம் 7’ என்று எழுதினேன். தற்காலிக லெவல் மார்க். தூண்களின் உயரத்தை அதை வைத்துத்தான் பார்ப்போம். “இது கவர்மெண்ட் நம்பர், யாரையும் மிதிக்க விடாதீங்க” என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை. மழை வந்தால் சாக்கு போட்டு மூடுவார். பெயிண்ட் மங்கினால் யார்டில் கேட்டு வாங்கி, அதன்மேலேயே பூசுவார்.

அவர் கடையை ஒட்டி சலூன் வந்தது, சைக்கிள் கடை வந்தது, வேப்பமரத்தடியில் அம்மன் வந்தாள். ரயில் ஓடத் தொடங்கியபோது கூலிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போகவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் ‘யார்டு, யார்டு’ என்று கூவிக் கூவி அதுவே ஊர்ப்பெயராகிவிட்டது.

பல வருஷம் கழித்து, பார்க்கிங் கட்ட யார்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் கதவு கதவாக நம்பர் எழுதினார்கள். நம்பர் இருந்தால் மாற்று வீடு. தேசம்மா மட்டும், தனக்கு முன்பே நம்பர் போட்டாயிற்று என்று கல்லைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்களும் வேலை மிச்சம் என்று போய்விட்டார்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்று அவர் முறையிட்டார். விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“தோ, நம்பர் போட்ட சாரே வந்துட்டாரு. சொல்லு சார்.”

அதிகாரி கேட்டார், “இது வீட்டு நம்பரா?”

“இல்லை சார், லெவல் மார்க்.”

அவ்வளவுதான் சொன்னேன். அதை எழுதிய நாளிலேயே இந்த அம்மா இங்கே இருந்தார், இவருக்கு முன்னால் இங்கே யாருமே குடியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ரயில்வே இடத்தில் குடிவைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு ரிடையர்மெண்டுக்கு இரண்டு வருஷம் இருந்தது. பயந்தேன்.

வெளியே வந்ததும் அவர் கத்தவில்லை. “நீ மிதிக்கவுடாதேன்னு சொன்னதாலதானே சார், இத்தினி வருசமா காபந்து பண்ணிக்கினு கீறேன்?” என்று மட்டும் கேட்டார். நான் பஸ் ஏறினேன். அவருக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை; இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

கல் அங்கேயேதான் இருக்கிறது. போன மாதம் பார்த்தேன், அதன்மேல் யாரோ பைக் ஸ்டாண்டை ஊன்றியிருந்தார்கள்.

சர்வே வேலைக்கு வரும் பிள்ளைகளே, கேட்ட கேள்விக்கு மட்டும் சரியான பதில் சொல்லியே ஒருவரைத் தெருவில் நிறுத்திவிடலாம். நான் நிறுத்தியிருக்கிறேன். மலரில் ஒரு வரிதான் போட இடம் உண்டென்றால் இதைப் போடுங்கள்: யார்டில் முதலில் குடிவந்தவர் தேசம்மா. இடம் காட்டியவன் நான்.