முப்பது டிகிரி

பல்லி முட்டைக்கு எவ்வளவு சூடு வைக்க வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, கீழ்வீட்டில் ஒரு கர்ப்பிணிக்கு மோர் நிறுத்தப்பட்டால், அதில் என் பொறுப்பு எவ்வளவு?

திண்டிவனத்தில் நானும் கணவரும் குடியிருக்கும் மாடிவீட்டின் இரண்டாவது அறை பல்லிகளுக்கானது. கொழுத்த வாலும் மூடித் திறக்கும் இமைகளும் கொண்ட ஆப்பிரிக்கப் பல்லிகள்; சுவரேறத் தெரியாதவை. விலங்கியல் முதுகலை படித்தபோது ஆசைக்காக ஒரு ஜோடி வாங்கினேன். குஞ்சுகள் பெருகியதும் உரிய பதிவுகளைச் செய்து விற்கத் தொடங்கினேன். விழுப்புரத்தில் கலர் மீன் கடை வைத்திருப்பவர்தான் என் முதல் வாடிக்கையாளர்.

முதல் கோடையில் பொரித்த குஞ்சுகளை மாதக்கணக்கில் வளர்த்து, ஆண் பெண் அடையாளம் தெரிந்த பிறகு அவரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, மொத்தமும் ஆம்பளையா கொண்டாந்திருக்கீங்க? கல்யாண மண்டபத்துல சீட்டாடற கூட்டம் மாரி கீது. ஆண் ஒன்னு போதும்மா. பொண்ணுதான் கேக்கறாங்க.”

காரணம் தேடிப் படித்தேன். இந்தப் பல்லிகளில் ஆணா பெண்ணா என்பது கரு உருவாகும்போதே முடிவாவதில்லை. இட்ட முட்டையின்மேல் படும் சூடுதான் அதைத் தீர்மானிக்கிறது. குளுமையில் பெண், சூடு கூடினால் ஆண், இன்னும் கூடினால் மீண்டும் பெரும்பாலும் பெண். எங்கள் மாடியறைச் சூடு சரியாக அந்த நடு இடத்தில் நின்றிருக்கிறது. மற்ற ஊர்களில் முட்டையைச் சூடேற்றப் பெட்டி வாங்குவார்கள். நான் குளிர்விக்க ஒரு பெட்டி வாங்கினேன். அதன்பின் வந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண். கடைக்காரர் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன்.

கரண்ட் மீட்டர் வேகமாக ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கீழிருந்து வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“பல்லிக்கு ஏசியா? எங்க ஊட்டுலயே ஃபேன்தான் சுத்துது.”

“சூடு ஏறினா எல்லாம் ஆணாயிடும்மா. விழுப்புரத்துக் கடைக்காரருக்குப் பொண்ணுதான் வேணுமாம், அதுக்குக் குளுமையா வெக்கணும்.”

“சூடு ஏறினா ஆணா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, மீட்டரை மறந்து இறங்கிப் போனார். அவருக்கு இரண்டு பேத்திகள். மருமகளுக்கு மூன்றாவது கர்ப்பம், ஐந்தாம் மாதம்.

சில நாட்கள் கழித்து அந்த மருமகள் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். உதடு வெடித்திருந்தது.

“அக்கா, எங்க அத்த கிட்ட இன்னா சொன்னீங்க? மோர் கெடையாது, எளநீர் கெடையாது. மூணு வேளையும் கொள்ளு ரசம். இந்த வெயில்ல சுடுதண்ணில குளிக்கணுமாம். ஒன்னுக்குப் போனா எரியுது. மாசமா இருந்தா எள்ளு ஆவாதுன்னு சொன்னதும் இவங்கதான், இப்ப எள்ளுருண்டை புடிச்சு ஊட்டறதும் இவங்கதான்.”

முதலில் ஒரு குடம் தண்ணீரையே குடித்துவிடுவாள் போலக் குடித்தாள். டாக்டரிடம் போகச் சொன்னேன். பிறகு இருவரும் இறங்கினோம்.

ஒரே வாக்கியத்தில் அன்றே கொள்ளு ரசத்தை நிறுத்தியிருக்கலாம்: ‘இன்னும் சூடு ஏறினால் மறுபடியும் பெண்தான்.’ நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது பல்லியின் விதியை ஒரு மனுஷியின்மேல் இரண்டாம் முறை ஏற்றுவதாகும். எனவே நீளமான வழியில் போனேன். மனிதர்களில் சூட்டுக்கு வேலையில்லை, கரு தரித்த அன்றே முடிவாகிவிட்டது என்றேன்.

“முடிவு பண்ணது ஆரு?”

“யாரும் பண்றதில்லம்மா. ஆனா அது உங்க பையன்கிட்டேர்ந்து வர்றது. இவ கையில இல்ல.”

அடுப்பிலிருந்த ரசத்தைக் கரண்டியால் கிளறினார்.

“அப்ப கொள்ளு ரசத்த அவனுக்குத்தான் ஊத்தணும்.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காதடி” என்றவர் என் பக்கம் திரும்பினார். “விழுப்புரத்துக் கடக்காரன் பொண்ணு கேட்டா நீ பொண்ணா பொரிச்சுத் தர்ற. நான் ஒரு பையன் வேணும்னா மட்டும் தப்பாப் பூடுதா?”

பல்லி வேறு, மனிதர் வேறு என்றேன். உண்மைதான். ஆனால் மாடியேறும்போது அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஆண்தான், பெண்தான் என்று கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்று நான் எங்கேயும் விசாரித்ததில்லை, கடைக்காரரிடமும் இல்லை. அடுத்த முறை விழுப்புரம் போனபோது கேட்டேன்.

“பொண்ணு வாங்கறவங்க எல்லாம் உங்கள மாரிதாம்மா. வாங்கி, முட்ட வெச்சு, விக்கறவங்க. சும்மா வளக்கறவங்களுக்கு எதுவா இருந்தா இன்னா?”

அப்படியானால் நான் விற்றுக்கொண்டிருந்தது செல்லப் பிராணிகளை அல்ல, இன்னும் பல பல்லித் தொழில்களை. அவை பொரிக்கப்போகும் குஞ்சுகளுக்கெல்லாம் வீடு எங்கே என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. இனி இரண்டும் கலந்துதான் வரும் என்று சொன்னேன்.

“ஏம்மா, நல்லாப் போய்க்கினு இருக்கற யாவாரத்த இப்படிப் பேஜாரு பண்றீங்க? ஆண வெச்சு நான் பூஜையா பண்றது?”

“ஒன்னே ஒன்னு வளக்கணும்னு வர்றவங்க கிட்ட குடுங்க. அவங்களுக்கு ஆண்தான் நல்லது, முட்டைத் தொல்ல இல்ல.”

அவர் தலையைச் சொறிந்தார். மறுக்கவில்லை.

பெட்டி இப்போது முப்பது டிகிரியில் நிற்கிறது. ஆணும் பெண்ணும் பொரிகின்றன. வளர்ந்ததும் விழுப்புரத்துக்கு முன்பு போனதில் பாதிதான் போகும்; கடைக்காரர் அவ்வளவுதான் கேட்கிறார். கீழ்வீட்டு மருமகளுக்கு இது எட்டாம் மாதம். மத்தியானம் மோர் குடிக்கிறாள்.