சிவக்காத பசை

வேலையில் சேர்ந்த புதிதில் நான் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் நாலு பேர் ஓடி வந்து பிடித்து இழுப்பார்கள். "வேணாம் தாயி, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழவே செய்தார். நான் சாக வரவில்லை, தண்ணீர் மட்டம் அளக்கும் ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன் என்று நாடாவைக் காட்டி நம்பவைப்பதற்குள் அடுத்த பஸ் போய்விடும். பெண் ஒருத்தி கிணற்றடியில் குனிந்தால் தண்ணீர் சேந்த வேண்டும், இல்லாவிட்டால் குதிக்க வேண்டும். மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையோரக் கிணறுகளை மாதம் ஒருமுறை அளப்பேன். இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து உள்ளே விடுவேன். நனைந்த இடம் கருத்துத் தெரியும், அதுதான் அளவு. அடுத்த கிணற்றுக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். ஒரு கிணற்றில் நனைந்தது மட்டும் காயவில்லை. தொட்டேன், வழுக்கியது. முகர்ந்தேன், டீசல்.

கொஞ்சம் மேட்டில், மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்தது அந்தக் கிணறு. அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அங்கே சின்ன வெங்காயம் போட்டிருந்த மூத்த மருமகளிடம் விசாரித்தேன்.

"அந்தக் கதையை ஏங்க கேக்குறீங்க? எங்க கொழுந்தன் பொண்டாட்டி மண்ணெண்ணெய ஊத்திப்புட்டா. தண்ணி முறைக்குச் சண்டை போட்டா, மறுவாரமே நாத்தம். பஞ்சாயத்து பண்ணி வேப்பந்தட்டைக்கு அவ அம்மா வூட்டுக்கே அனுப்பிட்டோம்" என்றார்.

ரேஷனில் அளந்து ஊற்றுகிற மண்ணெண்ணெயை வைத்து ஒரு கிணற்றையே மாதக்கணக்கில் நாறடிக்க முடியுமா? பஞ்சாயத்துப் பேசிய ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீசில் சொன்னேன். "உங்க வேலை ஆழத்தை அளக்கிறதும்மா, மோந்து பாக்குறது இல்ல" என்றார் அதிகாரி. பங்கின் முதலாளியோ, நிலத்துக்கடியில் இருக்கும் தொட்டி காலி என்று எழுதியே கொடுத்துவிட்டார். முகம் தெரியாத ஒருத்தி செய்யாத குற்றத்துக்காக வேப்பந்தட்டையில் உட்கார்ந்திருக்கிறாள். இதை நிரூபிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வழி சொன்னவர், அந்தப் பங்கில் முன்பு வேலை பார்த்துவிட்டு எதிரிலேயே பஞ்சர் கடை வைத்திருந்தவர். "தொட்டிக்குள்ள தண்ணி எறங்கியிருக்கான்னு பாக்க அளவுக் குச்சியில ஒரு பசை தடவுவோம்ங்க. தண்ணி பட்டா செவந்துடும், எண்ணெ பட்டா அப்புடியே இருக்கும்" என்று பாதி பிழிந்த குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எண்ணெயில் தண்ணீரைத் தேடுகிற பசை. அதை வைத்துத் தண்ணீரில் எண்ணெயைத் தேடினால் என்ன? நாடாவில் தடவிக் கிணற்றுக்குள் விட்டேன். கீழே செக்கச் செவேல். அதற்கு மேல் நகத்தளவுக்கு, நனைந்தும் சிவக்காத ஒரு கோடு.

"ஊத்துனதுதான் மெதக்குது" என்று சொல்லிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஐப்பசி மழையில் ஊற்று மேலேறி, ஆளுயரம் தோண்டினாலே தண்ணீர் தட்டும்படி இருந்தது. கிணற்றுக்கும் பங்குக்கும் நடுவில் இரண்டு குழி வெட்டவைத்தேன். தோட்டம் பாழாகிறதென்று மூத்த மருமகள் முணுமுணுத்தார். என் கடிதத் தொல்லை தாங்காமல் அதிகாரியும் ஜீப்பில் வந்து சேர்ந்தார். ஊரே கூடிவிட்டது. எல்லார் முன்னாலும் நாடாவை விட்டேன். கிணற்றில் நகத்தளவு. நடுக் குழியில் ஒரு விரற்கடை. பங்குச் சுவரோரக் குழியில் நாலு விரற்கடை.

"அந்தப் பொண்ணு ஊத்தியிருந்தா கிணத்துலதானே அதிகமா இருக்கணும்? கிணத்துல ஊத்துனது மேடேறிப் பங்குக்குப் போவுமா?" என்று கேட்டேன். என் குரல் சாலை வரை கேட்டிருக்கும்.

அதிகாரி நாடாவை வாங்கித் தானே ஒருமுறை விட்டுப் பார்த்தார். "தொட்டியத் தோண்ட எழுதுங்கம்மா" என்றார்.

தோண்டினார்கள். முதலாளி பொய் சொல்லவில்லை, தொட்டி காலிதான். அடிப்பகுதியைத் துரு தின்று, இருந்த டீசலெல்லாம் மண்ணுக்குள் போயிருந்தது.

மூத்த மருமகள் அன்றே வேப்பந்தட்டைக்கு பஸ் ஏறினார். தனியாகத்தான் திரும்பினார். "கெணறு சுத்தமாவட்டும், அப்பறம் வரேங்குறா. இல்லாட்டி அடுத்த நாத்தத்துக்கும் என்னையத்தானே சொல்லுவீங்கன்னு கேக்குறா" என்று அழுதார். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

அவள் கணவர் வாராவாரம் வேப்பந்தட்டைக்குப் போய் வந்தார். மற்ற நாட்களில் கிணற்றில் மிதந்ததை வழித்து வழித்து வெளியே எடுத்தார். நான் மாதாமாதம் அளந்தேன். கோடு மெலிந்துகொண்டே வந்தது. இரண்டு மழைக்காலம் போனது. தொடர்ந்து மூன்று மாதம் கோடே விழாமல் இருந்த பிறகு வேப்பந்தட்டைக்கு ஒரு கார்டு போட்டேன்.

அடுத்த அளவு நாளன்று அவள் கிணற்றடியில் நின்றிருந்தாள். சின்ன உருவம். "நான் விடுறேங்க" என்று நாடாவை வாங்கி, பசையைத் தடவி, அவளே இறக்கினாள், அவளே எடுத்தாள். நனைந்த இடம் முழுக்கச் சிவப்பு. குறித்துக்கொள்வதற்காகக் கை நீட்டினேன். தரவில்லை. நாடாவின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி தெருவுக்குள் நடந்தாள். பஞ்சாயத்துப் பேசியவர்களின் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் நின்று, "நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். அரசாங்கச் சொத்து, நான் தடுத்திருக்க வேண்டும். மீதி நாடா மண்ணில் இழுபடாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கடைசி வீடு வரை அவள் பின்னாலேயே போனேன்.