மைனஸ் சரக்கும் பம்பாய் சார்ட்டும்

சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, கார்டுகளை வரிசைப்படுத்தும் ப்ரோகிராமான பம்பாய் சார்ட் பாதியில் நின்றது. பிரிண்டரில் ஒரே ஒரு வரி விழுந்தது: எண் தவறு. இன்றும் பிரிண்டர் திடீரென்று நின்றால் ஓடிப்போய் அந்த வரியைத்தான் தேடுகிறேன்.

எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவொற்றியூரில் எங்களுடையது பம்ப் தொழிற்சாலை. மாதக் கடைசியில் ஒவ்வொரு பாகத்தின் இருப்பும் கார்டில் துளையிடப்பட்டு, எண் வரிசைப்படி அடுக்கப்பட்டு, பட்டியலாக அச்சாகும். பட்டியலில் இல்லாத பாகத்தை ஸ்டோர்ஸ் கொடுக்காது. பாகம் இல்லையென்றால் அசெம்பிளி லைன் ஓடாது.

அடுக்குவதற்கு இரண்டு ப்ரோகிராம்கள் இருந்தன. ஒன்று மெஷின் கம்பெனி கொடுத்தது. மற்றது பம்பாயில் ஒரு சிறு நிறுவனம் எழுதியது. சோதனைக் கார்டுகளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, பம்பாய் சார்ட்தான் வேகம் என்று சிபாரிசு செய்தவள் நான்.

மேனேஜர் வந்தார். "மிஸஸ் ஸ்டெல்லா, உங்க பம்பாய் படுத்துடுச்சா? மெஷின் கம்பெனி சார்ட்டைப் போடுங்க. திங்கக்கிழமை லைன் நின்னா நீங்க இந்த ரூமுக்கு வர வேண்டாம்."

என் இரண்டு பெண்களும் என் சம்பளத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மெஷின் கம்பெனி சார்ட் தடங்கலே இல்லாமல் ஓடி முடிந்தது. மேனேஜர் சிரித்தார். எனக்கு மனம் ஆறவில்லை. உள்ளே போன கார்டுகளையும் வெளியே வந்தவற்றையும் எண்ணி ஒப்பிட்டேன். வெளியே வந்தவை குறைவு. பம்பாய் சார்ட் எந்தக் கார்டைக் கண்டு நின்றதோ, அந்த மாதிரி கார்டுகளை எல்லாம் இது சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டிருந்தது.

அந்தக் கார்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு வால்வின் கார்டு அது; இருப்பில் மைனஸ் துளை. ஸ்டோர்கீப்பர் ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

"வால்வு எப்படி மைனஸ்ல இருக்கும் ஏழுமலை?"

"சரக்கு லாரில வந்து எறங்கிட்சி யக்கா. பேப்பர் வர நாலு நாள் ஆவும். அதுவரிக்கும் லைனை நிக்க வச்சுகினு வேடிக்க பாக்கறதா? எட்த்து குட்த்துட்டேன். கணக்கு கீழ போவும், பேப்பர் வந்தா மேல ஏறிக்கும். எப்பவும் நடக்கறதுதான, இதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

மெஷின் கம்பெனிக்கு போன் செய்தேன். "ப்ரோகிராம் ஓடி முடிஞ்சதில்ல மேடம்? அப்ப உங்க டேட்டாதான் தப்பு. மேனுவலைப் படிங்க. ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவார்."

பம்பாய்க்கு அர்ஜென்ட் டிரங்க் கால் போட்டேன். ப்ரோகிராமை எழுதிய ராமநாதனே எடுத்தார். மாதுங்காவில் வளர்ந்த தமிழர். "கார்டுல எங்கெங்க துளை இருக்கு, படிங்க" என்றார். படித்தேன். "அதை யாரும் திருத்தாம வச்சிருங்க..." என்றபோது லைன் அறுந்தது.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பம்பாய்லேர்ந்து எவன் வருவான்? அந்த மைனஸையெல்லாம் பூஜ்யம்னு பஞ்ச் பண்ணிடுங்க, கதை முடிஞ்சுது."

"பண்ண மாட்டேன் சார். பூஜ்யம் போட்டா, பேப்பர் வந்ததும் கணக்கு இல்லாத வால்வை இருக்குன்னு காட்டும்."

"லைன் நின்னா?"

"நான் பதில் சொல்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு ராயபுரத்தில் வீட்டில் பெண்களின் படிப்புச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேகத்தை மட்டும் பார்த்து நான் செய்த ஒப்பீடு அரைகுறை. நீங்கள் ஒரு ப்ரோகிராமைச் சோதிக்கும்போது நம் ஸ்டோர்ஸின் உண்மையான கார்டுகளைக் கொடுங்கள். அது தடுமாறும்போது நம்மிடம் சொல்கிறதா, மறைக்கிறதா என்று பாருங்கள். எழுதியவரையும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

ஞாயிறும் நாங்கள் எல்லோரும் வேலைக்கு வந்திருந்தோம்; மதியம் விமான நிலையத்திலிருந்து ஒரு டாக்சி தொழிற்சாலை வாசலில் வந்து நின்றது. கசங்கிய சட்டையோடு இறங்கியவர் ராமநாதன். காபி வேண்டாம் என்றார். கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏழுமலையை மறுபடி முழுக்கதையும் சொல்ல வைத்துக் கேட்டார். பிறகு மேனேஜர் முன்னாலேயே என்னிடம் சொன்னார்:

"தப்பு உங்க கார்டுல இல்லம்மா, என் ப்ரோகிராம்ல. சரக்கு பூஜ்யத்துக்குக் கீழ போகாதுன்னு பம்பாய்ல உக்காந்து நானே முடிவு பண்ணிட்டேன். பஞ்ச் மெஷின் எங்க இருக்கு? மாத்தி ஓட்டிக் காட்டிட்டுத்தான் எந்திரிப்பேன்."