அக்கா தர மறுத்த ஒரு பிடி நெல்

எங்கள் அக்கா பாப்பாமோட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இடப்பெயர்வுக்குப் பின் அங்கேயே திரும்பி வந்து, சென்ற ஆண்டு கண்மூடினார். அவரைப் பற்றி நல்லதை எழுதவே அமர்ந்தேன். ஆனால் சிறுவயது முதல் அவர்மீது எனக்கிருந்த பொறாமையை விட்டுவிட்டு எழுதினால் அது உண்மையாக இராது.

உவர் ஏறிய வயலிலும் விளையும் நெல் எங்கள் ஊரில் உண்டு. போரில் சிதறியபோது ஒவ்வொரு குடும்பமும் அதில் கொஞ்சம் முடிந்துகொண்டு போனது. தமிழ்நாட்டு முகாமில் மகளுக்குக் காய்ச்சல் கண்ட நாளில் நான் என் பங்கைக் குத்திக் கஞ்சி வைத்துவிட்டேன். அக்காவோ வவுனியா முகாமில் பட்டினி கிடந்தும் தன் முடிச்சை அவிழ்க்கவில்லை. மீள்குடியேறியதும் ஊர்ப் பெண்களைக் கூட்டி, எல்லோரிடமும் மிஞ்சியிருந்ததை ஒன்றாக்கி விதைத்தார். விதை வேண்டியவர் கூட்டத்தில் வந்து, எதற்கென்று சொல்லிக் கேட்க வேண்டும் என்று எல்லோருமாக முடிவெடுத்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது ஊரெல்லாம் அக்கா பேச்சுத்தான். பொறுக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்த என் மகளின் ஆராய்ச்சிக்காக அக்காவிடம் ஒரு பிடி கேட்டேன்.

“என்ர சோத்துப் பானை எண்டா வழிச்சுத் தருவன். இது கூட்டத்தின்ர. ஞாயிறு பூசை முடிய வந்து கேள்.”

“கூடப்பிறந்தவளும் வரிசையில நிக்கோணுமோ?”

“ஓம், நில்லன். நல்ல சீலை இருந்தா உடுத்திக்கொண்டு வா.”

நான் போகவில்லை. அந்த ஞாயிறு மறிச்சுக்கட்டியிலிருந்து யாரோ ஒரு பெண் வந்து கேட்டு, மடி நிறைய வாங்கிப் போனாளாம். மறுநாள் அக்கா வீட்டில் இல்லாத நேரம், அங்கே வைத்திருந்த விதைநெல்லில் ஒரு பிடி அள்ளி வந்து மகளிடம் நீட்டினேன்.

“களவெடுத்ததிலயோ நான் பட்டம் வாங்கிறது?” என்றாள் அவள். “ஒரு ஒப்பந்தமும் இல்லாமல் இது வெளியில போய், நாளைக்கு வேற ஆரும் இதைத் தங்கட பேரில பதிஞ்சா, பெரியம்மா தன்ர நெல்லை விதைக்க அவையளிட்டக் கேக்கோணும் அம்மா.”

நெல்லை அக்காவிடமே கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் நின்று கேட்டாள். இரண்டு ஞாயிறு கேள்வி கேட்டார்கள். ஊரின் பெயர் எழுதப்பட வேண்டும், கேளாமல் வேறெவருக்கும் கொடுக்கக்கூடாது, கண்டறிந்ததைத் தமிழில் வந்து சொல்ல வேண்டும் என்று அவளுடைய பேராசிரியரிடமும் ஒப்பம் வாங்கிய பிறகே கொடுத்தார்கள்.

அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் என் மகளின் கையைத்தான் பிடித்திருந்தார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன். “நீ சாப்பிட்டனியே?” என்று என் பக்கம் திரும்பிக் கேட்டதே அவர் கடைசியாகப் பேசியது. அந்தக் கேள்வி இன்னும் என்னைத் தூங்க விடுவதில்லை.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், பந்தலிட்டுத் தேநீர் ஊற்றிய அயலவருக்கும், குழி வெட்டிய தம்பிமாருக்கும் எங்கள் நன்றி.

வெளிநாட்டு உறவுகளே, உங்களில் சிலர் அக்காவின் நினைவாக ஒரு பிடி நெல் அனுப்பும்படி எழுதியிருக்கிறீர்கள். தங்கை என்று என்னிடம் கேட்டதில் எனக்குப் பெருமைதான். ஆனால் தர என்னால் இயலாது. கூட்டம் ஞாயிறுதோறும் நடக்கிறது. வந்து கேளுங்கள். எதற்கென்று முதலில் கேட்பவள் நானாக இருப்பேன்.

தங்கை